தேதியைத் தள்ளிவைக்கலாம்... பாடத்தைத் தள்ளுபடி செய்யலாமா?

ஜூன் மாதக் கடைசி. பத்தாம் வகுப்புக்கு முதல் கணக்குப் பரீட்சை முடிந்து, விடைத்தாள் கட்டு ஆசிரியர்கள் அறைக்கு வந்திருந்தது. 50 மார்க்குக்கு வைத்த சின்ன டெஸ்ட்தான். பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் சார் ஒரு தாளைப் புரட்டிப் பார்த்தார். மறுபடி முதல் பக்கத்துக்கு வந்து பெயரைப் பார்த்தார்.

“ஐம்பதுக்கு அஞ்சு. பிளஸ், மைனஸே தெரியலை. ஒன்பதாவதுல இந்தப் பொண்ணை யாரு பாஸ் போட்டது?”

அவர் குரலில் கோபத்தைவிட ஆச்சர்யம்தான் அதிகம். ஆனால், எதிர் மேஜையில் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்த டீச்சருக்குச் சுருக்கென்றது. பாஸ் போட்டது அவர்தான்.

தாலுகா தலைநகரம் ஒன்றில் இருக்கும் அரசு உதவிபெறும் பள்ளி அது. அந்த டீச்சர் கண்டிப்பானவர் என்று பெயர் எடுத்தவர் அல்ல. பிள்ளைகள் பயப்படாமல் வந்து பேசுகிற டீச்சர். சாப்பாடு கொண்டுவராத பிள்ளையைக் கண்டுபிடித்துத் தன் டிபனைப் பகிர்கிறவர். போன வருடம் அந்தப் பெண் விஷயத்திலும் அவர் மனம் அப்படித்தான் இளகியது.

ஒன்பதாம் வகுப்பு தொடங்கிய ஜூலையில் அவள் அம்மா படியில் விழுந்து கால் முறிந்தது. ஜி.ஹெச்.சில் ஆபரேஷன் நடந்து பிளேட் வைத்தார்கள். அதன்பின் பல மாதங்கள் படுக்கை. அப்பா லோடு லாரி டிரைவர். வாரத்தில் நான்கு நாள் வெளியூர். நான்காவது படிக்கும் தம்பி ஒருவன். சமையல், தண்ணீர் பிடிப்பது, ரேஷன் கடை, அம்மாவைக் கைத்தாங்கலாகக் குளியலறைக்கு அழைத்துப் போவது என எல்லாமே 14 வயதுப் பெண் தலையில் விழுந்தது. காலைப் பிரார்த்தனை முடிந்த பிறகுதான் பள்ளிக்கு வருவாள். ஹோம்வொர்க் நோட்டு காலியாக இருக்கும்.

“பரவாயில்ல கண்ணு. முடியறப்ப எழுதிக் காட்டு” என்றார் டீச்சர்.

அந்த ‘முடியறப்ப’ வரவே இல்லை. டீச்சரும் திரும்பக் கேட்கவில்லை. தெரியாமல் நின்று அவமானப்படப் போகிறாளே என்று அவளைக் கரும்பலகைக்கு அழைப்பதையும் நிறுத்திவிட்டார். காலாண்டில் 14. அரையாண்டில் 11. முழு ஆண்டுத் தேர்வில் 22. தேர்ச்சிப் பட்டியல் தயாரான நாளில், “வீட்டு நிலைமை தெரியுமே சார்... பாவம்” என்று டீச்சர் எடுத்துச் சொல்ல, எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். 22 என்பது 35 ஆனது. கெட்ட எண்ணத்தோடு யாரும் எதுவும் செய்யவில்லை.

அன்று மாலை டீச்சர் அந்தப் பெண்ணைத் தனியே அழைத்துப் பேசினார்.

“புரியலைன்னா போன வருஷமே எங்கிட்ட கேட்டிருக்கலாமே, ஏன் கேக்கலை?”

அவள் வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சொன்னாள்.

“நீங்க எல்லாரையும் ஹோம்வொர்க் கேட்பீங்க மிஸ். என்னை மட்டும் கேட்க மாட்டீங்க. எனக்குக் கணக்கு வராதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு நெனச்சேன். 35 வந்தப்பவும் தெரியும் மிஸ், அது நான் எழுதி வாங்கினது இல்லைன்னு.”

பரிதாபம் என்ன சொல்கிறது?

டீச்சர் கொடுத்தது இரக்கம். அந்தப் பெண் வாங்கிக்கொண்டதோ ஒரு தீர்ப்பு. ‘உனக்கு வராது’ என்று வாயால் சொல்லியிருந்தால்கூட அவள் மறுத்துப் பேசியிருக்கலாம். சொல்லாமல் சொன்னதால் அப்படியே நம்பிவிட்டாள்.

பிள்ளைகள் பெரியவர்களின் முகத்தை எப்படிப் படிக்கிறார்கள் என்பதை அமெரிக்க உளவியல் ஆய்வாளர் சாண்ட்ரா கிரஹாம் 1984-ல் வெளியான ஓர் ஆய்வில் சோதித்துப் பார்த்தார். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர்கள் கொடுக்கப்பட்டன. அவர்கள் தோற்றபோது, சிலரிடம் ஆய்வு நடத்தியவர் இரக்கம் காட்டினார். சிலரிடம் லேசான கோபம் காட்டினார். ஏன் தோற்றோம் என்று பிறகு கேட்டபோது, இரக்கத்தைச் சந்தித்த பிள்ளைகள் ‘எனக்குத் திறமை இல்லை’ என்ற பக்கம் சாய்ந்தார்கள். கோபத்தைச் சந்தித்தவர்கள் ‘நான் சரியாக முயற்சி செய்யவில்லை’ என்ற பக்கம் சாய்ந்தார்கள்.

அப்படியானால் பிள்ளைகள்மேல் எரிந்து விழலாமா? அதற்கான அனுமதிச் சீட்டு அல்ல இது. உள்ளே எவ்வளவு அன்பு இருந்தாலும், ‘இவளிடம் எதையும் எதிர்பார்க்க முடியாது’ என்ற நினைப்பு அதில் கலந்துவிட்டால், பிள்ளை அன்பை விட்டுவிட்டு அந்த நினைப்பை எடுத்துக்கொள்கிறது. யாரை அதிகம் கேள்வி கேட்கிறார்கள், யாரைத் தாண்டிப் போகிறார்கள் என்று வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் கணக்கு வைத்துக்கொண்டிருக்கிறது.

வெளியே நின்ற பையன்

டீச்சர் மனம் உடைந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்த சார், ஆறுதலாக ஒன்று சொன்னார். அது அவருடைய கதை.

அவர் வேலைக்குச் சேர்ந்த புதிது. வேறு ஊர், வேறு பள்ளி. ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன், முதல் பீரியடிலேயே தூங்கி விழுவான். ஹோம்வொர்க் ஒருநாளும் இருக்காது. “நோட்டு இல்லாதவன் வெளியே நில்லு” என்பது சாரின் சட்டம். எல்லோருக்கும் ஒரே சட்டம், அதில் அவருக்குப் பெருமைகூட. அந்தப் பையன் தினமும் எழுந்து, யாரும் சொல்லாமலே வெளியே போய் நின்றுவிடுவான். பொங்கல் லீவுக்குப் பிறகு அவன் பள்ளிக்கே வரவில்லை.

சில மாதங்கள் கழித்து, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு பரோட்டாக் கடையில் சாரின் இலையில் தண்ணீர் தெளித்தது அவன்தான். பள்ளிக்கு வந்துகொண்டிருந்த காலத்திலும் இரவு 12 மணிவரை அங்கேதான் வேலை பார்த்திருக்கிறான். “என்ன சார், சால்னா ஊத்தவா?” என்று சிரித்த முகத்தோடுதான் கேட்டான்.

“ஏன்டா தூங்குறேன்னு ஒரே ஒரு தடவை கேட்டிருந்தாப் போதும் டீச்சர். நான் கேக்கலை. நீங்க அந்தப் பொண்ணுகிட்ட ஹோம்வொர்க்கைக் கேக்கலை. நான் அந்தப் பையன்கிட்ட காரணத்தைக் கேக்கலை” என்றார் சார்.

இரண்டு பிள்ளைகளுமே தனியாக விடப்பட்டார்கள். ஒருவன் வகுப்புக்கு வெளியே. இன்னொருத்தி வகுப்புக்கு உள்ளேயே.

சட்டம் வரைந்த கோடு

2009-ல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், இந்த விஷயத்தில் இரண்டு முக்கியமான பிரிவுகளைக் கொண்டுவந்தது. 17-ம் பிரிவு, பிள்ளைகளை அடிப்பதையும் மனதளவில் துன்புறுத்துவதையும் தடை செய்தது. 16-ம் பிரிவு, தொடக்கக் கல்வி முடியும்வரை, அதாவது எட்டாம் வகுப்புவரை, எந்தப் பிள்ளையையும் அதே வகுப்பில் நிறுத்திவைக்கக் கூடாது என்றது. ஃபெயில் ஆக்கப்பட்ட பிள்ளைகள், குறிப்பாக ஏழை வீட்டுப் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும், படிப்பையே விட்டுவிடுவதைப் பார்த்துப் பார்த்து வந்த பிரிவு அது.

2019-ல் அந்த 16-ம் பிரிவு திருத்தப்பட்டு, ஐந்தாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் தேர்வு வைத்து நிறுத்திவைக்கலாம் என்ற வாய்ப்பு மாநிலங்களுக்குத் தரப்பட்டது. தமிழ்நாட்டில் அந்த இரு வகுப்புகளுக்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்து, கடும் எதிர்ப்புக்குப் பிறகு 2020 பிப்ரவரியில் அது திரும்பப் பெறப்பட்டது. 2024 டிசம்பரில் மத்திய அரசு தன் பள்ளிகளுக்கு விதியை மாற்றியபோதும், எட்டாம் வகுப்புவரை நிறுத்திவைப்பதில்லை என்ற நிலையில் தமிழ்நாடு உறுதியாக நின்றது.

இந்த விவாதத்தில் இரு தரப்பிலும் நியாயங்கள் உண்டு. ஆனால், ‘நிறுத்தி வைக்கலாமா, அனுப்பிவிடலாமா’ என்ற கேள்வியோடு பேச்சு முடிந்துவிடுகிறது. நிறுத்தி வைத்த பிள்ளைக்கும் பாடம் தானாக வந்துவிடாது. அனுப்பிவைத்த பிள்ளைக்கும் வந்துவிடாது. விட்டுப்போன பாடத்தை யார், எப்போது உட்கார்ந்து சொல்லித்தரப் போகிறார்கள் என்பதுதான் மிஞ்சி நிற்கும் கேள்வி.

கொரோனா காலத்தில் தமிழ்நாடு முழுவதுமே இதை அனுபவித்தது. 2020-லும் 2021-லும் பத்தாம் வகுப்பு மாணவர்கள் பொதுத்தேர்வு எழுதாமலே தேர்ச்சி பெற்றார்கள். அந்த நேரத்தில் அதைவிட மனிதாபிமானமான முடிவு இருந்திருக்க முடியாது. ஆனால், பள்ளிகள் பூட்டிக்கிடந்த மாதங்களில் பிள்ளைகள் இழந்த பாடம் அப்படியே இருந்தது. அதனால்தான் 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டம் தொடங்கப்பட்டது. ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை உள்ள பிள்ளைகளுக்கு, மாலை நேரத்தில், அவரவர் தெருவுக்கே வந்து தன்னார்வலர்கள் பாடம் சொல்லித்தந்தார்கள். தேர்வை ரத்து செய்தது ஒரு நாள் உத்தரவு. பாடத்தைத் திருப்பித் தர மாலை மாலையாகப் பலர் உட்கார வேண்டியிருந்தது.

மளிகைக் கடை நோட்டு

நம் ஊர் மளிகைக் கடைகளில் ஒரு கடன் நோட்டு இருக்கும். கஷ்டத்தில் இருக்கும் குடும்பத்துக்கு அரிசி, பருப்பு இல்லை என்று அண்ணாச்சி சொல்ல மாட்டார். “இந்த மாசம் முடியலையா? அடுத்த மாசம் குடுங்க” என்பார். ஆனால், நோட்டில் எழுதிக்கொள்வார். அடுத்த மாதம் ஞாபகப்படுத்துவார். வேண்டுமானால் பாதியாக வாங்கிக்கொள்வார்.

அதே அண்ணாச்சி, “நீங்க எங்கே தரப்போறீங்க, சும்மாவே எடுத்துட்டுப் போங்க” என்று சொன்னால்? மானமுள்ள குடும்பம் மறுபடி அந்தக் கடை வாசலை மிதிக்காது. நோட்டில் எழுதுவதில் ஒரு மரியாதை இருக்கிறது. ‘உங்களால் முடியும், நீங்கள் தருவீர்கள்’ என்ற நம்பிக்கை அது.

டீச்சரும் சாரும் சேர்ந்து அந்தப் பெண்ணுக்காக ஆரம்பித்ததும் இப்படி ஒரு நோட்டுதான்.

முதலில், அவள் எங்கே விழுந்தாள் என்று தேடினார்கள். பத்தாம் வகுப்புக் கணக்கிலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு படியாக இறங்கிப் பார்த்தார்கள். பெருக்கினால் 6, கூட்டினால் மைனஸ் 5 வருகிற இரண்டு எண்கள் எவை என்று கேட்டால், அவள் 2, 3 என்று எழுதினாள். மைனஸ் 2, மைனஸ் 3 என்று எழுத வேண்டும். இரண்டு மைனஸ் எண்களைப் பெருக்கினால் பிளஸ் வரும், கூட்டினால் மைனஸிலேயே நிற்கும் என்பது அவளுக்குக் குழப்பமாக இருந்தது. காரணிப்படுத்தல் தெரியாதது அல்ல அவள் பிரச்னை. அதற்கு முன்பே, நடுநிலை வகுப்பில் வரும் முழுக்களிலும் பின்னங்களிலும் கால் இடறியிருந்தது. அம்மா விழுவதற்கு முன்பே இருந்த பள்ளம் அது. வீட்டுக் கஷ்டம் என்ற ஒரே காரணத்தை வைத்துக்கொண்டு எல்லோரும் அதைப் பார்க்கத் தவறிவிட்டார்கள்.

பிறகு ஓர் ஏற்பாடு. மதியம் சாப்பிட்டபின் 20 நிமிடம், வாரத்துக்கு மூன்று நாள் டீச்சர் உட்காருவார். வீட்டுக்கு 5 கணக்கு மட்டும். மற்றவர்களுக்கு 10 என்றாலும் இவளுக்கு 5. ஆனால், அந்த 5 வந்தே ஆக வேண்டும். அம்மாவை ஆஸ்பத்திரிக்கு செக்கப்புக்கு அழைத்துப்போகும் நாளில் முடியாதா? “சரி, என்னைக்குத் தருவே? தேதியை நீயே எழுது” என்று நோட்டை நீட்டுவார். அவள் தேதி எழுதிக் கையெழுத்துப் போடுவாள். அந்தத் தேதி வந்தால் டீச்சர் கேட்காமல் விடமாட்டார்.

எல்லாம் சுமுகமாக நடந்துவிடவில்லை. இரண்டாவது வாரமே, மதிய நேரத்தில் அவள் தோழிகளோடு மரத்தடியில் ஒளிந்துகொண்டாள். டீச்சர் அவர்கள் எல்லோர் முன்னாலும் திட்டவில்லை. மறுநாள் காலை வாசலிலேயே பிடித்து, “நேத்து 5, இன்னைக்கு 5. மொத்தம் 10 பாக்கி” என்றார். அவ்வளவுதான். இன்னொரு முறை மூன்று நாள் தொடர்ந்து லீவு. டீச்சர் வீட்டுக்கு போன் செய்தபோது, அம்மா பதற்றத்தோடு “ஏதாவது தப்பு பண்ணிட்டாளா டீச்சர்?” என்று கேட்டார். “இல்லம்மா, எங்கிட்ட 15 கணக்கு கடன் வெச்சிருக்கா. அதான் கேக்கலாம்னு கூப்பிட்டேன்” என்றார் டீச்சர். படுக்கையில் இருந்த அந்த அம்மா சிரித்துவிட்டார்.

வகுப்பில் ஒரு பையன் கேட்டான்: “அவளுக்கு மட்டும் ஏன் மிஸ் அஞ்சு கணக்கு?”

நியாயமான கேள்வி. அவள் வீட்டுக் கதையை வகுப்பில் விரித்துச் சொல்வது டீச்சர் வேலை அல்ல. “உனக்கு எப்பவாவது முடியாமப் போனா உனக்கும் இதே நோட்டுதான். ஆனா தள்ளிவெக்கிறதுக்கு மட்டும்தான் இந்த நோட்டு, விட்டுடுறதுக்கு இல்லை” என்றார். அந்தப் பதிலை வகுப்பு ஏற்றுக்கொண்டது. காய்ச்சலில் கிடந்த இரண்டு பேர் அடுத்த மாதமே நோட்டில் கையெழுத்துப் போட்டார்கள்.

31

டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு. அந்தப் பெண்ணின் கணக்குத் தாளை டீச்சரும் சாரும் சேர்ந்து கூட்டிப் பார்த்தார்கள். 31. இன்னும் 4 மார்க் இருந்தால் பாஸ்.

விடைத்தாள் கொடுத்த நாளில் அவள் டீச்சரைத் தேடி வந்தாள். எதையும் கேட்கவில்லை. ஆனால், பார்வையில் ஒரு வேண்டுதல் இருந்தது. போன வருடம் 13 மார்க் போட்டவருக்கு, 4 மார்க் ஒரு பெரிய விஷயமா?

டீச்சர் சொன்னார்: “போன வருஷம் வந்த 35 என்னோடது. இந்த 31 உன்னோடது. இதுல ஒரு மார்க்கைக்கூட நான் தொடமாட்டேன். மீதி நாலையும் நீயே எடு. எங்கே விட்டேன்னு காட்டுறேன், உக்காரு.”

இருவரும் தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அவள் கண்ணில் நீர் இருந்தது. பேனாவையும் எடுத்தாள்.

இப்படி ஒரு சொல்லுக்கு எவ்வளவு சக்தி என்பதையும் ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். டேவிட் யேகர், ஜெஃப்ரி கோஹன் உள்ளிட்டோர் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், ஏழாம் வகுப்பு மாணவர்கள் எழுதிய கட்டுரைகளை ஆசிரியர்கள் திருத்தினார்கள். பாதிப் பேருக்குத் திருத்தங்களோடு ஒரு சிறு குறிப்பு வைக்கப்பட்டது. உன்னிடம் நான் அதிகம் எதிர்பார்க்கிறேன், உன்னால் அதை எட்ட முடியும் என்று தெரிந்ததால்தான் இத்தனை திருத்தம் எழுதியிருக்கிறேன் என்பது அதன் சாரம். மற்ற பாதிப் பேருக்கு வெறுமனே ‘இது உன் கட்டுரை பற்றிய கருத்து’ என்ற குறிப்பு. பள்ளியின் மேல் நம்பிக்கை குறைந்திருந்த கறுப்பின மாணவர்களிடையே, முதல் வகைக் குறிப்பு கிடைத்தவர்கள் கட்டுரையைத் திரும்ப எழுத முன்வந்தது பல மடங்கு அதிகமாக இருந்தது.

அந்தக் குறிப்பில் இரண்டும் இருந்தன. எதிர்பார்ப்பும் நம்பிக்கையும். எதிர்பார்ப்பு மட்டும் இருந்தால் அது மிரட்டலாகத் தெரியும். நம்பிக்கை வார்த்தை மட்டும் இருந்தால் உபசாரமாகத் தெரியும். இவற்றோடு, உட்கார்ந்து உதவுகிற ஒரு 20 நிமிடமும் சேரும்போதுதான் பிள்ளை நம்பத் தொடங்குகிறது.

ஆசிரியர்கள் செய்யக்கூடியவை

ஒரு வகுப்பில் நாற்பது, ஐம்பது பிள்ளைகள். எமிஸ் பதிவேற்றம், பயிற்சி, தேர்தல் பணி எனப் பல வேலைகள். எல்லாப் பிள்ளைகளுக்கும் தனியாக உட்காருவது நடக்காத காரியம். ஆனால், ஒரு நேரத்தில் உண்மையிலேயே தத்தளிப்பவர்கள் ஐந்தாறு பேர்தான் இருப்பார்கள். அவர்களுக்காகச் செய்யக்கூடியவை சில உண்டு.

தண்டனைக்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள். “ஏன் எழுதலை?” என்று வகுப்பின் நடுவில் கேட்டால் பொய்தான் பதிலாக வரும். “வீட்ல எல்லாம் எப்படி இருக்கு?” என்று வராந்தாவில் கேட்டால் பல நேரம் உண்மை வரும்.

தேதி, அளவு, முறை இந்த மூன்றையும் வளைக்கலாம். பத்துக் கணக்கை ஐந்தாக்கலாம். எழுத முடியாதவர் வாயால் சொல்லலாம். மறுதேர்வு வைக்கலாம். ஆனால், கற்றுக்கொள்ள வேண்டிய விஷயத்தை வளைக்காதீர்கள். பிள்ளை எங்கே நிற்கிறதோ அங்கிருந்து தொடங்குவது தரக்குறைவு ஆகாது. 2022-ல் தொடக்க வகுப்புகளுக்கு வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமே பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரித்துத்தான் சொல்லித்தந்தது. மொட்டு மலராக வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

மார்க்கில் பொய் சொல்லாதீர்கள். கருணை காட்ட நூறு இடங்கள் இருக்கின்றன. மார்க் ஷீட் அதில் ஒன்று அல்ல. பொய் மார்க், அடுத்த ஆசிரியருக்கும் வீட்டுக்கும் தவறான தகவலைத் தருகிறது. உதவி தேவைப்படும் பிள்ளை, உதவி தேவையில்லாத பட்டியலில் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

எல்லாப் பின்னடைவுக்கும் வீட்டுக் கஷ்டமோ சோம்பலோ காரணம் ஆகாது. எழுத்துகள் இடம் மாறித் தெரிவது, படிப்பதில் மிகுந்த சிரமம் போன்ற கற்றல் குறைபாடுகள், 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டுள்ளன. முறையான மருத்துவச் சான்று இருந்தால், பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. அது யாருடைய பெருந்தன்மையும் அல்ல. பிள்ளையின் உரிமை. சந்தேகம் வந்தால் சீக்கிரமே பெற்றோரிடம் பேசிவிடுங்கள்.

பெற்றோர் செய்யக்கூடியவை

வீட்டில் நோயோ, கடனோ, பிரிவோ வந்தால் பள்ளியில் ஒருவரிடமாவது சொல்லுங்கள். எல்லா விவரமும் தேவையில்லை. “ரெண்டு மாசம் வீட்டுல கஷ்டம். இவளைக் கொஞ்சம் பார்த்துக்குங்க டீச்சர்” என்றால் போதும். அதோடு இன்னொரு வாக்கியத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: “ஆனா, வேலையை மட்டும் விட்டுடாம கேளுங்க.”

பிள்ளைக்காக நீங்களே ஹோம்வொர்க் எழுதிக்கொடுக்காதீர்கள். டீச்சர் போட்ட பொய் மார்க் போலத்தான் அதுவும். எழுதாமல் போய் நிற்கும் ஒருநாள் சங்கடம், பிள்ளைக்குத் தாங்கக்கூடியதுதான். அதேபோல, “எங்க பரம்பரைக்கே கணக்கு வராது” என்று பிள்ளை காதுபடச் சொல்லிச் சிரிக்காதீர்கள். அவர்கள் அதைச் சிரிப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

பிள்ளை சொல்ல முடியாத நெருக்கடியில் இருப்பதாகத் தோன்றினால், பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண்ணிலும், குழந்தைகளுக்கான 1098 எண்ணிலும் பேசலாம்.

புதுப் பக்கம்

அந்தப் பெண் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கணக்கில் 48 மார்க் வாங்கினாள். பேனர் வைக்கிற மார்க் இல்லை. பள்ளியின் சாதனைப் பட்டியலிலும் அவள் பெயர் வராது. ரிசல்ட் வந்த அன்று அம்மா, ஊன்றுகோலோடு மெல்ல நடந்து பள்ளிக்கு வந்திருந்தார். கையில் ஒரு சாக்லேட் டப்பா. இப்போது அவள் பதினோராம் வகுப்பில் வணிகவியல் எடுத்திருக்கிறாள். வட்டிக் கணக்கைத் தானே போடுகிறாள்.

டீச்சர் இன்றும் ஒன்பதாம் வகுப்புக்குத்தான் கணக்கு எடுக்கிறார். இன்றும் அவர் மனம் சட்டென்று இளகிவிடும். சாப்பாடு கொண்டுவராத பிள்ளைக்கு டிபனைப் பகிர்கிறார். ஆனால், மேஜையில் ஒரு நீளமான நோட்டு இருக்கிறது. ஆசிரியர்கள் அறையில் அதற்குக் ‘கடன் நோட்டு’ என்றே பெயர் வந்துவிட்டது.

போன வாரம் ஒரு பையன் தலையைக் குனிந்துகொண்டு வந்து நின்றான். தாத்தா இறந்துபோய் ஒரு வாரம் ஊரில் இருந்துவிட்டு வந்திருக்கிறான். டீச்சர் அவனைப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தார். தாத்தாவைப் பற்றி விசாரித்தார். அவன் பேசினான், கொஞ்சம் அழுதான். தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

அவன் குடித்து முடித்ததும், நோட்டைத் திறந்து அவன் பக்கம் நகர்த்தினார்.

“சரிப்பா... என்ன தேதி போடலாம், சொல்லு.”